வேண்டியது ஒன்று, இருப்பது இரண்டு

ஒரே மாலையில், ஒரே கையால் உண்டாக்கிய மூன்று பேரில் ஒருத்திக்கு மட்டும் வயது குறைவாகக் காட்டியது.

துளசி கண்ணாடியை மேலேற்றிவிட்டு மடிக்கணினித் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள். பழைய கண்ணாடி அது. நல்லதை ஞாயிற்றுக்கிழமை எங்கோ கழற்றி வைத்தவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள். கண்ணாடிக்கடைக்காரனின் பெண்சாதி தடவித் திரிகிறாள் என்று கண்ணாடிக்கடை வைத்திருக்கும் கணவன் பிரியந்தன் மூன்று நாளாய்ச் சிரிக்கிறான். பழைய கண்ணாடியிலும் இலக்கம் தெளிவாகத்தான் தெரிந்தது.

பிரியந்தன் – நலம் – வயது 9 நாள்
தர்ஷினி – நலம் – வயது 9 நாள்
துளசி – நலம் – வயது 3 நாள்

அவளுடைய நிறுவனம் மருந்துக்கடைகளுக்கு மென்பொருள் செய்து விற்கிறது. அது கொண்டெய்னர் என்று சொல்லப்படும் நூற்றுக்கணக்கான சின்னப் பெட்டிகளாக ஓடும். பெட்டிகள் எல்லாம் சேர்ந்த கூட்டத்துக்குக் கிளஸ்டர் என்று பெயர். ஒரு பெட்டி நின்றுபோனால் அதை எழுப்ப இதுவரை கறுப்புத் திரையில் முழ நீளக் கட்டளை அடிக்க வேண்டியிருந்தது. இனி சாட்டில் ஒரு வரி கேட்டால் ஒரு பொட், தானாக வேலை செய்யும் சின்ன நிரல், அந்த வேலையைப் பார்க்க வேண்டும். அந்தப் பொட்டைப் பழக்கியெடுப்பதுதான் துளசிக்கு இந்த மாத வேலை. ஒத்திகைக்காக, கோலியர்ஸ் வுட்டில் அவர்களது வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இருட்டு அறையில், தும்புத்தடிக்கும் பழைய சூட்கேசுகளுக்கும் நடுவே மூன்று குட்டிக் கணினிகளை அடுக்கி ஒரு சின்னக் கிளஸ்டர் செய்திருந்தாள்.

பெட்டிகளுக்குப் பெயர் வைத்தது எட்டு வயது மகள் தர்ஷினி. அப்பா, அம்மா, தான். பொட்டுக்குக் கிளி என்று பெயர் வைத்ததும் அவள்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் வாசிப்புச் சோதனை வருகிறது என்பதற்காகக் கிளியின் பதில்களைத் தமிழில் வரும்படி எழுதி, ‘வீடு’ என்று ஒரு சாட் குழுவும் திறந்து, கணவனையும் மகளின் டாப்லெட்டையும் அதில் சேர்த்துவிட்டாள் துளசி. நிறுவனத்தில் ஒரு விதி உண்டு: எந்தக் கட்டளையையும் ஒருவர் கேட்டால், இன்னொருவர் சம்மதம் சொல்லும் ‘ஓம்’ பொத்தானை அமத்த வேண்டும். வீட்டில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் பிரியந்தன். கிளி என்ன கேட்கிறது என்று அவன் ஒருநாளும் வாசித்ததில்லை.

“வாசிக்காமல் அமத்தாதையுங்கோ எண்டு எத்தினை தரம் சொல்லுறது?” என்று நேற்றும் துளசி அவனை ஏசினாள்.

“நீர் கேட்டால் எனக்கு எப்பவும் ஓம்தான், துளசி. பன்னிரண்டு வருசத்துக்கு முந்தி ஐயர் முன்னால என்னத்தை வாசிச்சுப் பாத்தனான்?”

இன்றைக்கு அந்தப் பன்னிரண்டு வருடம் நிறைகிறது. அதை நினைத்ததும் இலக்கத்தைப் பற்றிய யோசனை கொஞ்சம் தள்ளிப்போனது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டி தானாக விழுந்து எழும்பியிருக்கும், அவ்வளவுதான்.

மேலதிகாரி ராம்கி அழைத்தார். மதுரைக்காரர், வேலையை விடப் புத்திமதி அதிகம்.

“துளசி, திங்கட்கிழமை டெமோ ரெடியா? பெர்மிஷன் மட்டும் அளந்து கொடுங்க. முழுச் சாவியையும் அது கையில கொடுத்துடாதீங்க, என்ன?”

“இல்லை ராம்கி, பாத்துத்தான் செய்யிறன்.”

பொய். ஞாயிற்றுக்கிழமை எத்தனை முயன்றும் பெர்மிஷன் சரிவராமல், ஒருநாளைக்கு மட்டும் என்று சொல்லிக்கொண்டு முழுச் சாவியையும் கிளியிடம் கொடுத்திருந்தாள். எடுக்க மறந்துபோனது.

டிசம்பர் வெளிச்சம் நாலு மணிக்கே போய்விட்டது. பின்தோட்டத்து வேலியும் பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிகளும் ஒன்றொன்றாய்க் கறுத்து, ஜன்னல் கண்ணாடியில் கடைசியில் அவள் முகம் மட்டும் மிஞ்சியது. குளிர்மழை பிடித்திருந்தது. அடுப்பில் பருப்புக் கொதிக்கும் வாசமும், ஹீட்டரில் காயும் பள்ளிக்கூடச் சொக்ஸின் ஈர வாசமும், எங்கிருந்தோ, புதுப் பெட்டியைப் பிரிக்கும்போது வருவதுபோல ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வாசமும். மூன்று நாளாக அந்த வாசம் அவள் தலையணையிலும் இருக்கிறது.

டொக். டொக். டொக்.

“அம்மா, தட் நொய்ஸ் அகெய்ன்,” என்றாள் தர்ஷினி, சோபாவில் படுத்தபடி.

படிக்குக் கீழே இருந்துதான் வந்தது. ஞாயிறு இரவு தொடங்கிய தட்டல்.

“குழாய்ச் சத்தம், குஞ்சு. குளிருக்கு அப்பிடித்தான்.”

“கேன் ஐ ஆஸ்க் சம்திங் அபவுட் கிளி? அந்த பொக்ஸ் விழுந்தா அது சேம் பொக்ஸையா எழுப்பும்?”

“அதே மாதிரி ஒண்டை எழுப்பும். எத்தினை வேணும் எண்டு நான் எழுதி வைச்சிட்டன். அது எண்ணிப் பாத்துக்கொண்டே இருக்கும். குறைஞ்சால் புதுசா ஒண்டு. கூடினால் ஒண்டை நீக்கிப்போடும்.”

“பழசு வேர் டஸ் இட் கோ?”

“எங்கையும் போறேல்லை. இல்லாமல் போயிடும்.”

அப்போது கிளி, யாரும் கேட்காமலே, எழுதியது.

பிரியந்தன் பதிலளிக்கவில்லை. மறுபடியும் எழுப்பவா?

மணி நாலு ஐம்பது. கீழறையில் ஒரு கணினி சூடேறியிருக்கும் என்று நினைத்தாள். “எழுப்பு” என்று அடித்தாள். இன்னொருவர் ‘ஓம்’ அமத்த வேண்டுமே. சோபாவில் தர்ஷினி டாப்லெட்டைத் தூக்கி, விரலை வரி வரியாக ஓட்டி, உரக்க வாசித்தாள். அப்பாவைப்போல அவள் கண்ணை மூடிக்கொண்டு அமத்துவதில்லை. அம்மா அப்படிப் பழக்கியிருக்கிறாள்.

“ம-று-ப-டி-யும் எ-ழுப்-ப-வா. ஓம்!”

எழுப்புகிறேன், என்றது கிளி. பிறகு: பிரியந்தன் தயார்.

ஐந்து நிமிடத்தில் வாசல் கதவுப் பூட்டில் திறப்புத் திரும்பும் சத்தம் கேட்டது.

பிரியந்தன் ஆறரைக்கு முன் வருவதில்லை. கல்யாண நாளுக்காக முன்னதாக வந்துவிட்டான் என்று துளசியின் மனம் பூரித்துத்தான் போனது. எழுந்து ஓடினாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முழங்கால் நோவதில்லை. எட்டு வருட நோவு எப்படி விட்டுப்போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

ஹோலில் நின்றவனின் கைகளில் ஒன்றுமில்லை. அவன் சிரித்தான். அழகான சிரிப்பு. ஆனால் கோட் காய்ந்திருந்தது. தலைமுடி காய்ந்திருந்தது. சப்பாத்தின் அடியில்கூட ஒரு சொட்டு ஈரமில்லை. அவனுக்குப் பின்னால், கதவு மூடுவதற்குள், மழை சாய்வாக அடிப்பது தெருவிளக்கில் தெரிந்தது.

“என்னப்பா, குடை கொண்டு போனீங்களே?”

“நலம்,” என்றான்.

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவன் குசினிக்குப் போய்க் கேத்தலைப் போட்டான். தேயிலை எங்கே, சீனி எங்கே என்று எல்லாம் தெரிந்திருந்தது. துளசி கதவோரம் நின்று அவன் கையைப் பார்த்தாள். கலியாணமான முதல் கிழமை, அவளுக்குச் சம்பல் செய்துகொடுக்கிறேன் என்று திருவலையில் தேங்காய் துருவப்போய், வலது பெருவிரலைக் கிழித்துக்கொண்டவன் அவன். நாலு தையல். அந்தத் தழும்பை அவள் இருட்டிலும் தடவிக் கண்டுபிடிப்பாள். தியேட்டரில், விமானத்தில், பிரசவ அறையில், அவள் பயந்தபோதெல்லாம் பிடித்துக்கொண்டது அந்த விரலைத்தான்.

கேத்தலைப் பிடித்திருந்த பெருவிரல் வழவழவென்று இருந்தது. புது மெழுகுதிரிபோல.

“இண்டைக்கு என்ன நாள் எண்டு தெரியுமோ?” அவள் குரல் அவளுக்கே சின்னதாகக் கேட்டது.

“புதன்கிழமை.”

அந்த நேரம் அவள் கைபேசி அடித்தது. திரையில் அவன் படம். அவன் பெயர். பிரியந்தன் அழைக்கிறார்.

குசினியில் நின்றவன் திரும்பவில்லை. அவன் கைகள் இரண்டும் தேத்தண்ணிக் கோப்பைகளில் இருந்தன.

“துளசி!” காதுக்குள் காற்று, பஸ் இரைச்சல், மூச்சு வாங்கும் அவன் குரல். “இப்பதான் வெளியில வந்தனான். எங்கட ஸ்டேஷனுக்கு முன்னால, சுரங்கத்துக்குள்ள ரெயினை அரை மணித்தியாலம் நிப்பாட்டிப் போட்டாங்கள், சிக்னலே இல்லை. கேக் நசிஞ்சு போச்சு, ஏசாதையும். மல்லிகையும் வாங்கினனான், முந்தியே ரூட்டிங் கடைத்தெருவில இறங்கி. இந்தா, தெருமுனைக்கு வந்திட்டன்.”

அவன் சாகவில்லை. விழவில்லை. சுரங்கத்துக்குள் சிக்னல் இல்லாமல் நின்றிருக்கிறான். ‘பதிலளிக்கவில்லை’ என்று கிளி சொன்னது அதைத்தான்.

“ஹலோ? அங்கை இருக்கிறீரே?”

மேசையில் மடிக்கணினி சின்னதாக மணியடித்தது. அவள் திரும்பிப் பார்த்தாள்.

பிரியந்தன்: வேண்டியது 1, இருப்பது 2.
பழையதை நீக்க ஒப்புதல் கேட்கப்பட்டது.
ஒப்புதல் கிடைத்தது.

“பிரியன்…” மூச்சுக்கும் வார்த்தைக்கும் நடுவில் வந்தது. “கிளி உங்களிட்ட ஏதும் கேட்டதோ?”

“ஓமோம், மேல வந்தவுடன கேட்டுது. வழக்கம்போல ஓம் போட்டிட்டன்.” சிரித்தான். “நீர் கேட்டால் எனக்கு எப்பவும்…”

“வாசிச்சனீங்களோ?”

“நான் எப்ப வாசிச்சனான்?”

அவள் விசைப்பலகைமேல் பாய்ந்தாள். நிறுத்து. அடித்தாள். பிரியந்தன் இரண்டு பேர் வேண்டும். அடித்தாள். இரண்டு பேர் இருக்கட்டும், எத்தனை பேர் வேண்டுமென்றாலும் இருக்கட்டும், பழையதை விட்டுவிடு. கிளி பொறுமையாகப் பதில் எழுதியது.

மாற்றத்துக்கு இன்னொருவரின் ஒப்புதல் தேவை.

“பிரியன், இப்ப ஒருக்கால் அமத்துங்கோ. இப்ப வந்ததை. கெதியா!”

“கையில கேக், பூ, குடை. வீட்டை வந்திட்டன், கேற்றடியில நிக்கிறன். உள்ளுக்கு வந்து…”

“தர்ஷினி! டாப்லெட்டை எடு!”

சோபாவில் தர்ஷினி இல்லை. டாப்லெட்டும் இல்லை. மேலே, அறைக்குள் அவள் ஓடும் காலடி.

குசினியில் நின்றவன் இரண்டு கோப்பைகளோடு வந்து நின்றான். அவன் சட்டைப் பையிலும் ஒரு கைபேசி மினுங்கியது. கோப்பைகளை வைத்தான். கைபேசியை எடுத்தான். அவளுடைய வேண்டுகோளை, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, வாசித்தான். பன்னிரண்டு வருடத்தில் முதல் தரம். ஆறுதலாக. நிதானமாக.

“இல்லை,” என்று அமத்தினான்.

துளசி வாசலுக்கு ஓடினாள். கதவின் மங்கலான மணிக்கண்ணாடியில், தெருவிளக்கின் மஞ்சளில், ஓர் உருவம். குடையைத் தோளில் சாய்த்து, கேக் பெட்டியை மார்போடு அணைத்து, திறப்பைத் தேடும் அந்தச் சாய்வு. அவளுக்குத் தெரியாத சாய்வா? திறப்பு நுழைந்தது. திரும்பவில்லை. அவள் உள்ளே இருந்து பூட்டைத் திருகினாள். அசையவில்லை.

“துளசி, உள்ளுக்குக் கொளுவி இருக்கோ?” குரல் கதவிலிருந்தும் வந்தது, காதிலிருந்தும் வந்தது.

“தள்ளுங்கோ! தள்ளுங்கோப்பா!”

அவன் கண்ணாடியில் கையை வைத்தான். அவள் இந்தப் பக்கம் தன் கையை வைத்தாள். பெருவிரலின் தழும்பு, மணிக்கண்ணாடியிலும், ஒரு வெள்ளைக் கோடாக அழுந்தித் தெரிந்தது.

“நீர் ஏன் அழுறீர்?” என்றான்.

பிறகு அந்தக் கோடு இல்லை. கை இல்லை. கண்ணாடியில் மஞ்சள் மட்டும்.

காதுக்குள் ஒன்றுமில்லை. மழைகூட இல்லை.

இப்போது பூட்டு சுலபமாகத் திரும்பியது. வாசற்படியில் கேக் பெட்டி, அதன் மேல் ஈரமான மல்லிகைப் பொட்டலம், காற்றில் உருளும் குடை. தெரு முனைவரை ஒருவருமில்லை. அவள் வெளியே கால் வைக்கப் பார்த்தாள். காலடியில் படி இருந்தது, மழை இருந்தது, ஆனால் கால் வாசலைத் தாண்டவில்லை. எத்தனை தரம் வைத்தாலும் உள்ளே கிடந்த கால்மிதியிலேயே வந்து நின்றது.

மேலே தர்ஷினி பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். பிள்ளை உள்ளே. தேத்தண்ணி போட்டவனும் உள்ளே.

கீழறை. கணினிகள். வயர்.

படிக்குக் கீழே இருந்த கதவைத் திறந்து முழங்காலில் உள்ளே புகுந்தாள். தும்புத்தடி, சூட்கேஸ், தூசி. மூன்று பச்சை வெளிச்சங்கள். இணையப் பெட்டியின் நீல வெளிச்சம். எல்லா வயரையும் ஒரே பிடியில் இழுத்துப் பிடுங்கினாள். நீலம் அணைந்தது. கைபேசியில் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் விழுந்து வெறுமையாயின.

பச்சை அணையவில்லை. வயர் அவள் கையில் இருந்தது. மூன்று பச்சையும் இமைத்துக்கொண்டே இருந்தன.

அவளுக்குப் பின்னால் கதவு மெதுவாக, அடிபடாமல், மரியாதையாக மூடியது. கொழுக்கி விழுந்த சத்தம். அந்தக் கதவுக்கு உள்ளே பிடி கிடையாது.

இருட்டில் கையைத் தடவினாள். சூட்கேசுக்கு அடியில் ஏதோ தட்டுப்பட்டது. சட்டம், மூக்குப்பிடி, வெடித்த ஒரு வில்லை. அவளுடைய நல்ல கண்ணாடி. கதவின் உட்புறத்தைத் தடவினாள். பலகையில் பள்ளங்கள். நாலு விரல், நாலு விரல், நாலு விரல். தன் விரல்களை அவற்றில் வைத்துப் பார்த்தாள். அளவாகப் பொருந்தின.

ஞாயிற்றுக்கிழமை இணையப் பெட்டியை நிறுத்திப்போட்டு வயர் மாற்ற இதற்குள் வந்தது நினைவிருந்தது. வெளியே போனது நினைவில்லை.

வயது மூன்று நாள்.

வெளியே, ஹோலில், தர்ஷினி படியிறங்கி ஓடிவரும் சத்தம். நேரே அவள் தலைக்கு மேல், தொப் தொப்பென்று. டாப்லெட் மணியடித்தது. அதற்குத் தனி சிம் இருந்தது. பிள்ளை நின்று, வாசித்தாள்.

“து-ள-சி ப-தி-ல-ளிக்-க-வில்-லை. ம-று-ப-டி…”

தெரிந்த சொற்கள். அவளே பழக்கிக்கொடுத்த சொற்கள். அமத்தாதை, குஞ்சு. துளசி வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. கைபேசியில் அவள் அடித்த ‘இல்லை’ போய்ச் சேராமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

“ஓம்!” என்றாள் தர்ஷினி.

தலைக்கு மேலே, யாருமில்லாத மாடியிலிருந்து, இன்னொரு காலடி இறங்கத் தொடங்கியது. ஒவ்வொரு படியாக. முழங்கால் நோகாத நடை.

“பசிக்குதோ, குஞ்சு?” என்றது துளசியின் குரல்.

“ஓம் அம்மா. அப்பா வந்திட்டார். லுக், கிளி இஸ் ஆஸ்கிங் அகெய்ன்.”

டொக். டொக். டொக். துளசி இரண்டு கையாலும் பலகையில் குத்தினாள். பலமாக. இன்னும் பலமாக.

“அம்மா, தட் நொய்ஸ்…”

“குழாய்ச் சத்தம், குஞ்சு. குளிருக்கு அப்பிடித்தான்.” அந்தக் குரலில் எவ்வளவு அன்பு. “என்ன கேக்குது எண்டு அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டு, பாப்பம். ஆறுதலா. பிழை விடாமல்.”

கதவின் கீழ் இடுக்கில் ஒரு கீற்று வெளிச்சம். அதில் இரண்டு சோடிப் பெரிய கால்கள், நடுவில் ஒரு சோடிச் சின்னக் கால்கள். சின்னக் கால்களில் ஹீட்டரில் காய்ந்த சொக்ஸ். நெருங்கி, ஒட்டி, ஒரு குடும்பமாக நின்றன.

“ப-ழை-ய-தை,” என்று விரலை ஓட்டி ஓட்டி வாசித்தாள் தர்ஷினி. “நீக்-க-வா.”